முதல் குழந்தைக்குப் பால் போதவில்லை, இந்த முறை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். செம்பூரில் இருக்கிறேன். இது இரண்டாவது கர்ப்பம், 33 வாரம். மூத்தவளுக்கு நாலு வயது. அவள் பிறந்தது திருநெல்வேலியில், சிசேரியன். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று லைட்டில் வைத்தார்கள். இரண்டு நாளும் பாட்டிலில் பவுடர் பால்தான். நாலாம் நாள் எனக்கு மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு மார்பில் வைத்தாலே அழுவாள். பம்ப் வைத்தால் 15 மில்லி வரும். இரண்டு மாதத்தோடு பால் நின்றுபோனது. அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது எனக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன். "உன் உடம்புவாகு அப்படி, உனக்குப் பால் ஊறாது, டின்னை இப்பவே வாங்கி வெச்சுடலாம்" என்கிறார் மாமியார். இந்தப் பிரசவம் மும்பையிலேயே. இப்போதிருந்தே என்ன செய்யலாம், என்ன சாப்பிடலாம்?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. ஒன்று, நாலாம் நாள் மார்பு கட்டிக்கொண்டது. பால் ஊறாத மார்பு அப்படிக் கட்டாது அம்மா. உங்களுக்குப் பால் வந்தது, அதுவும் வர வேண்டிய நாளில் வந்தது. அதைக் குடிக்க வேண்டியவள் அப்போது லைட்டுக்கு அடியில் இருந்தாள். இரண்டாவது, எட்டாம் மாதத்தில் தெரியவந்த தைராய்டு. அது எப்போது ஆரம்பித்தது என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் கவனிக்காத தைராய்டு குறைவு பால் சுரப்பைக் குறைக்கும். ஆக, மாமியார் சொல்கிற உடம்புவாகு இங்கே காரணமாகத் தெரியவில்லை. நடந்ததற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, இரண்டையும் இந்த முறை கவனிக்க முடியும்.

பால் எப்படி வருகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் நடுவிலிருந்தே மார்பில் சீம்பால் இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சட்டென்று இறங்கும். அதன் பிறகு இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் பால் நிறைய இறங்கும். சிசேரியன், சர்க்கரை, நிறைய ரத்தப்போக்கு இருந்தால் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகலாம். இதுவரை ஹார்மோன் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு பால் வெளியே போகிறதோ அவ்வளவுதான் ஊறும். பால் மார்பிலேயே தங்கினால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். லைட்டில் இருந்த அந்த நாட்களில் மணிக்கணக்கில் யாரும் பாலை எடுக்கவில்லை. கைக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, "பீய்ச்சிக் கொடும்மா, குழந்தைக்குப் போகட்டும்" என்று சொல்ல ஆள் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் பிரசவ வார்டில் இதையே எத்தனையோ தாய்களிடம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு நல்ல செய்தி. அதே தாய்களை முதல் பிரசவத்திலும் இரண்டாவதிலும் அளந்து பார்த்த ஒரு சின்ன ஆய்வு 2001-இல் இங்கிலாந்தில் வந்தது. இரண்டாவது குழந்தைக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் அதிகப் பால் இருந்தது. முதல் முறை குறைவாக இருந்தவர்களுக்குத்தான் கூடுதல் அதிகம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரமே டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின் இரண்டும் பாருங்கள். கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரையின் அளவு பெரும்பாலும் கூடும், பிரசவத்துக்குப் பிறகு மாறும். அதனால் குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், இதை இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறீர்கள் அல்லவா? இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். எல்லாவற்றையும் காலையில் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறவர்கள் நிறையப் பேர், அப்படிப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. உங்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி இருந்ததா, மார்பில் ஆபரேஷன் நடந்ததா, இந்தக் கர்ப்பத்தில் மார்பு கொஞ்சமாவது பெருத்திருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அபூர்வமாகச் சிலருக்குப் பால் சுரப்பித் திசுவே குறைவாக இருக்கும். நாலாம் நாள் கட்டியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அப்படி இருக்க வாய்ப்பு குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பேசுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் நூற்றுக்கு 42 குழந்தைகளுக்குத்தான் அது கிடைத்தது. சிசேரியன் ஆனாலும் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள், குழந்தையைத் தியேட்டரிலேயே உங்கள் நெஞ்சில் வைக்க முடியும். "குழந்தை என் பக்கத்திலேயே இருக்க வேண்டும், என்னைக் கேட்காமல் பாட்டில் வேண்டாம், பிரிக்க நேர்ந்தால் பால் பீய்ச்ச உதவி வேண்டும்" என்று மூன்று வரி எழுதி உங்கள் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். நைட் டியூட்டிக்கு வருகிற சிஸ்டர் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார்.

கையால் பீய்ச்சவும் கற்றுக்கொள்ளுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, எதிரெதிராக வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்துங்கள், பிறகு விரல்களைச் சேருங்கள், விடுங்கள். தோலின் மேல் தேய்க்க வேண்டாம், காம்பை இழுக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு சொட்டு காம்பில் வந்து நிற்கும், அதை எவர்சில்வர் ஸ்பூனில் ஏந்துங்கள். அரை ஸ்பூன்கூட நிறையாது. பக்கத்தில் நிற்கும் பாட்டி "இவ்வளவுதானா?" என்பார். முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனே தாராளம் என்று அவருக்குச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு முன்பே இதைச் செய்து பார்க்கலாமா என்றால், 36 வாரம் முடிந்து, டாக்டர் சம்மதித்தால் மட்டும். ஆஸ்திரேலியாவில் சர்க்கரை உள்ள, மற்றபடி சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள், குழந்தைக்குக் கெடுதல் வரவில்லை. உங்களுக்கு முன்பு சிசேரியன் ஆகியிருப்பதால் கேட்காமல் தொடங்க வேண்டாம். ரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, கர்ப்பவாயில் தையல், குறைமாதப் பயம் இருப்பவர்கள் தொடவே கூடாது.

குழந்தை பிறந்த பிறகு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து. மூன்று மணிக்கு ஒரு தடவை என்று கடிகாரம் பார்க்காதீர்கள், குழந்தை வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடினாலே எடுத்துவிடுங்கள். மறுபடி மஞ்சள் காமாலை வந்தால் பயப்பட வேண்டாம். பால் நன்றாக உள்ளே போனால் மஞ்சள் மலத்தோடு வெளியேறும், சர்க்கரைத் தண்ணீர் அதைச் செய்யாது. லைட்டில் இருக்கும்போதும் பால் கொடுக்க வெளியே எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை நீங்கள் பீய்ச்சி, பாலாடைக் கிண்ணத்தில் புகட்டச் சொல்லுங்கள். சேனை வைக்கிறேன் என்று யாராவது தேனோடு வந்தால் மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். ஒரு வயது வரை தேன் ஆபத்து.

பால் போதுகிறதா என்று பம்பைக் கேட்காதீர்கள். உறிஞ்சத் தெரிந்த குழந்தை எடுக்கிற அளவை பம்ப் எடுக்காது. ஐந்தாம் நாளிலிருந்து நாளைக்கு ஆறு துணிக்கு மேல் நனைகிறதா, கறுப்பாகப் போனது மஞ்சளாக மாறிவிட்டதா, முழுங்குகிற சத்தம் கேட்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியதா, இவற்றைப் பாருங்கள். எடை பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, துணி நனையாவிட்டாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். அப்போது மேல்பால் தேவைப்பட்டால் கொடுத்துவிடுங்கள், குழந்தை பசியோடு இருக்கக் கூடாது. மேல்பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் நீங்களும் பீய்ச்சி எடுங்கள், சுரப்பு குறையாது. உங்களுக்கு ரொம்பப் பக்கத்தில், சயான் ஆஸ்பத்திரியில், ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். பிற தாய்களின் பால் பதப்படுத்தி முக்கியமாகக் குறைமாத, நோயுற்ற குழந்தைகளுக்குத் தருகிறார்கள். பாதி தாய்ப்பால், பாதி மேல்பால் என்று அமைந்தாலும் அந்தப் பாதி வீண் இல்லை.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடலாம். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் அளிவ் என்ற விதையில் செய்த லட்டு கொண்டுவந்தால் அதையும் ருசியுங்கள். தெம்பு வரும், மனசும் நிறையும். ஆனால் பாலை எடுக்காமல் பூண்டு மட்டும் தின்றால் பால் கூடாது. வெந்தய மாத்திரை, சதாவரிப் பொடி எதுவும் தைராய்டு உள்ள நீங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், தாகத்துக்குக் குடியுங்கள். சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் பாலைக் குறைக்கும், மருந்துக்கடையில் சொல்லி வாங்குங்கள்.

மாமியார் உங்கள்மேல் கோபத்தில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பேத்தி பசியில் அழுததைப் பார்த்த பயம் அது. அவரையும் அடுத்த செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்புவது, ராத்திரி குழந்தையை ஏப்பம் விடவைப்பது என்று வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். "பால் இருக்கா?" என்ற கேள்வியை மட்டும் வீட்டில் யாரும் கேட்க வேண்டாம் என்று உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். டின் முன்கூட்டியே தேவையில்லை. தேவைப்பட்டால் செம்பூரில் எந்த மருந்துக்கடையிலும் பத்து நிமிஷத்தில் கிடைக்கும். அலமாரியில் கண்முன்னே இருந்தால், ராத்திரி இரண்டு மணி அழுகைக்குக் கை அங்கேதான் போகும். பவுடர் பாலுக்கு விளம்பரமும், தாய்களுக்கு இலவச சாம்பிளும் கூடாது என்று 1992-இலேயே நம் நாட்டில் சட்டம் வந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

கேள்வி: முலுண்டிலிருந்து ஃபோர்ட்டுக்கு லோக்கலில் போய்வர வேண்டும். பையனுக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது, லீவு முடிகிறது. ஆபீஸில் எடுக்கும் பால் கெடாமல் வீடு வருமா?
– ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: வரும். 25 டிகிரியில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு, மும்பை வெயிலில் அதை நம்ப வேண்டாம். எடுத்தவுடன் ஆபீஸ் ஃபிரிட்ஜில் வையுங்கள், கிளம்பும்போது ஐஸ் பேக் வைத்த பைக்கு மாற்றுங்கள். அந்தப் பையில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும், அடுப்பில் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவும் வேண்டாம். பையன் குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிடுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாதாரண இடைவேளை போகப் பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உங்களுக்கு உண்டு. சேருவதற்கு முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், பூட்டுகிற கதவுள்ள அறையும் ஒரு பிளக் பாயிண்டும் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.