டெல்லியில் இருக்கும் அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). மூச்சுப் பயிற்சி செய்தால் நுரையீரல் சரியாகுமா? பிராணாயாமம் செய்யலாமா?

நுரையீரல் சரியாகாது, கெட்டது கெட்டதுதான். ஆனால் இரைப்பு குறையும். என் அம்மாவுக்கும் இதே நோய். பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. முப்பது வருஷ விறகடுப்புப் புகை. டெல்லி ஆர்.கே.புரத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் எங்களோடு இருக்கிறார்.

"நல்லா இழுத்து மூச்சு விடும்மா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தோம். அதுதான் தப்பு. இந்த நோயில் சிக்கலே காற்றை விடுவதில்தான். விடும்போது சிறு காற்றுக்குழாய்கள் சீக்கிரமே மூடிக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே தேங்கிவிடுகிறது. இறங்க வேண்டியவர்கள் இறங்காத பஸ்ஸில் புதிதாக யார் ஏற முடியும்?

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது இது: மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, சூடான ரசத்தை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை விட வேண்டும். குவித்த உதடு தடுப்பதால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று குழாய்கள் திறந்திருக்கும். முக்கி ஊதினால் இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். மாடி ஏறும்போது அம்மா நின்று இழுத்து, விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறுவார். நன்றாக இருக்கும்போதே பழகிவிடுங்கள். திணறும் நேரத்தில் புதிதாக வராது.

வயிறு உப்ப இழுக்கும் வயிற்று மூச்சு எல்லோருக்கும் சரிப்படாது. காற்று தேங்கி உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசை) தட்டையாகிப் போனவர்களுக்குச் சிரமம்தான் கூடும். அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது, விட்டுவிட்டோம். பிராணாயாமத்தில் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம் இரண்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பிளாக் மாமாக்களுக்கு இதில் வருத்தம்.

ஆஸ்துமா கதை வேறு. என் பையனுக்கு உண்டு. மெதுவான மூச்சுப் பயிற்சி பதற்றத்தைக் குறைக்கிறது, குழாய் வீக்கத்தை அல்ல. இழுப்பு வந்தால் முதலில் குழாயைத் திறக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர், மற்றதெல்லாம் பிறகு. பேச்சு தடுமாறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

டெல்லிக்காரர்களுக்கு இன்னொன்று. "விடியற்காலை பார்க்கில் சுத்தமான காற்று" என்பது நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே செல்லாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையையும் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறினால்தான் கொஞ்சம் கலையும். ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு, கூடினால் மாசு அதிகம்) 400 தாண்டினால் அம்மாவுக்குப் பயிற்சி ஜன்னல் சாத்திய அறையில், டிவி சீரியல் விளம்பர இடைவேளைகளில். ஒரு நாளும் தவறுவதில்லை, விளம்பரத்துக்கா பஞ்சம்!