அலுமினிய அனோடைசிங்: கேள்வி பதில்

கேள்வி: அனோடைசிங்கும் நிக்கல் பூச்சைப் போன்றதுதானே ஐயா?

பதில்: இல்லை. நிக்கல் வெளியிலிருந்து வந்து படிகிறது. அனோடைசிங்கிலோ, 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலத்தில் பாகத்தை நேர்மின்முனையாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தும்போது, அலுமினியமே ஆக்சைடாக மாறிப் படலமாக வளர்கிறது. ஆகவே படலத்தின் ஒரு பகுதி பழைய மேற்பரப்புக்கு உள்ளேயும் மறுபகுதி வெளியேயும் அமையும்.

கேள்வி: 20 மி.மீ. பேரிங் துளையை எச்7 அளவில் (துளை சற்றுப் பெரிதாக இருக்க அனுமதிக்கும் தர வரம்பில்) கடைந்து, 50 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) ஹார்டு அனோடைசிங், அதாவது தடித்த கடினப் படலம், செய்தோம். பேரிங் நுழையவில்லை.

பதில்: நுழையாது. ஹார்டு அனோடைசிங்கில் படலத்தின் ஏறத்தாழப் பாதி வெளியே வளர்வதால், பக்கத்துக்கு 25 மைக்ரான் வீதம் துளையின் விட்டம் 50 மைக்ரான் சுருங்கும்; எச்7 தரும் இடமோ மொத்தமே 21 மைக்ரான். துளையை 20.050 முதல் 20.071 மி.மீ. வரை கடையுங்கள், அல்லது ரப்பர் அடைப்பானால் மூடி அனுப்புங்கள். 60 பாகை மரைகளில் விளைவு இன்னும் கடுமை: வெளிவளர்ச்சியைப் போல நான்கு மடங்கு மரையின் பிட்ச் விட்டம் (மரைப்பல்லும் பள்ளமும் சம அகலமாக உள்ள இடத்தின் விட்டம்) மாறும். டிராயிங்கில் உள்ள அளவு அனோடைசிங்குக்கு முந்தியதா பிந்தியதா என்பதையும், உலோகக்கலவையின் எண்ணையும் தவறாமல் எழுதுங்கள்.

கேள்வி: அனோடைசிங்கில் படலம் வெளியே வளரும் என்பதை நான் ஏற்கவில்லை. எங்களுக்கு அனோடைசிங் முடிந்து வரும் தண்டுகள் 10 மைக்ரான் குறைந்தே வருகின்றன.

பதில்: உங்கள் மைக்ரோமீட்டரை நான் சந்தேகிக்கவில்லை. சாதாரண அனோடைசிங்குக்கு முன் காஸ்டிக் சோடாத் தொட்டியில் பாகத்தை அரிக்க விடுகிறார்கள். அங்கே கரைந்துபோகும் உலோகம், பிறகு வளரும் மெல்லிய படலத்தைவிட அதிகமாக இருந்தால் அளவு குறையும். காஸ்டிக்கிலிருந்து எடுத்ததும் கழுவி ஒருமுறையும், இறுதியில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டாம் அளவு கூடியிருக்கும்.

கேள்வி: கறுப்புச் சாயம் ஏற்றும்போது 6063 அலுமினியக் கலவைப் பாகங்கள் நல்ல கறுப்பாக வருகின்றன. ஏடிசி 12 என்ற கலவையின் வார்ப்பு மட்டும் ஏன் சாம்பல் திட்டுகளாக வருகிறது?

பதில்: அந்த வார்ப்பில் ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் சிலிக்கான் உள்ளது, அது அலுமினியத்தைப் போல ஆக்சைடாகாமல் படலத்துக்குள் அப்படியே நின்றுவிடுகிறது; அதனால்தான் சாம்பல் திட்டுகள். தோற்றம்தான் முக்கியமென்றால் பவுடர் கோட்டிங் கொடுங்கள். இதற்காகத்தான் கலவை எண்ணை எழுதச் சொன்னேன்.

கேள்வி: சாயம் விரலில் ஒட்டுகிறது.

பதில்: சீலிங், அதாவது படலத்தின் நுண்துளைகளை அடைப்பது, போதவில்லை. 96 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட தூய நீரில், படலத் தடிமனில் ஒரு மைக்ரானுக்கு இரண்டு மூன்று நிமிடமாவது வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்டு விட்டம் எவ்வளவு கூடும்?

பதில்: பேரிங் துளைக்கான பதிலைப் படியுங்கள். கணக்கு அதுவே, துளையில் சுருங்குவது தண்டில் கூடும்.

கேள்வி: அனோடைஸ் செய்த பெட்டியில் எர்த் கிடைக்கவில்லை.

பதில்: படலம் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் திருகு அமரும் இடத்தைத் தொட்டிக்கு அனுப்பும் முன்பே மூடிவிடுங்கள். அந்த இடத்தையும் டிராயிங்கில் குறியுங்கள்.