விர்ச்சுவா ரேசிங்: கோளாறு கிராபிக்ஸ் கார்டில் இல்லை

கேள்வி: காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேடு விளையாட்டுகளை மேம் எமுலேட்டரில் (பழைய இயந்திரங்களைப் போலக் கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்கிறேன். செகா நிறுவனத்தின் கார் பந்தய விளையாட்டான விர்ச்சுவா ரேசிங்கில் காரும் மலையும் ஒரே வண்ணம் பூசிய தகடுகளாகத் தெரிகின்றன. செகாவின் இன்னொரு பந்தய விளையாட்டான டேட்டோனா யுஎஸ்ஏவில் பாறையின் சொரசொரப்புகூடத் தெரிகிறதே! தூரத்துப் பொருள்கள் திடீரென முளைக்கின்றன. சில பாகங்கள் மினுக்குகின்றன. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி கோளாறே அல்ல. 1992-இல் அந்த விளையாட்டு வந்தபோது ஆர்கேடு கூடங்களில் நின்றவர்கள் பார்த்ததும் இதைத்தான்.

விர்ச்சுவா ரேசிங் ஓடியது மாடல் 1 என்ற மின்சுற்றுப் பலகையில். முப்பரிமாணக் கணக்குகளைப் போட ஃபுஜிட்சுவின் தனிச் சில்லுகள் அதில் இருந்தன. நொடிக்கு சுமார் 1,80,000 பலகோணங்கள், அதாவது நீங்கள் சொன்ன தகடுகள், என்பது அதன் திறன். விளையாட்டு நொடிக்கு 30 படங்கள் காட்டியது. ஆக, ஒரு படத்துக்கு மிஞ்சிப்போனால் 6,000. காரும் பாதையும் மரங்களும் அதற்குள் அடங்க வேண்டும். தூரத்தில் இருப்பதை வரையாமல் விட்டு, அருகில் வந்ததும் வரைவது அதனால்தான். பலகோணத்தின் மேல் படம் ஒட்டும் வசதி மாடல் 1-இல் கிடையாது. ஒளி படும் கோணத்தைப் பொறுத்து ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே நிறம், அவ்வளவே. படம் ஒட்டும் வேலை அடுத்து வந்த மாடல் 2-இல்தான் செகாவுக்குக் கைகூடியது. டேட்டோனா அதில் ஓடியது. எனக்கென்னவோ விர்ச்சுவா ரேசிங்கின் அந்த மொட்டைத் தகடுகள்தான் இன்றும் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன.

மினுக்கல் விஷயம் வேறு. இன்றைய கார்டுகள் ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தைக் குறித்துவைத்து, எது முன்னால் என்று முடிவு செய்கின்றன. மாடல் 1-இல் அந்த வசதி இல்லை. சுவரில் வானத்தைத் தீட்டி, மேலே மலை, அதற்கும் மேலே மரம் என்று போகும் ஓவியரைப் போல, பலகோணங்களைத் தூர வரிசையில் அடுக்கி, பின்னால் இருப்பதை முதலில் வரையும். இரண்டு தகடுகள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தாலோ ஒன்றையொன்று ஊடுருவினாலோ வரிசை மாறி மாறி விழும். சக்கரம் உடற்பகுதியோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், புரியும்.

இயல்பா கோளாறா என்று பிரித்தறிய, ஒரே பாதையை இருமுறை சுற்றுங்கள். மரம் அதே வளைவில் முளைத்தால் அது அசல் குணம். சுற்றுக்குச் சுற்று வெவ்வேறு பொருள் காணாமல் போனால் மேமின் புதிய பதிப்புக்கு மாறுங்கள். பழைய பதிப்புகளில் கணக்குச் சில்லின் வேலையைத் தோராயமாகத்தான் செய்துவந்தார்கள்.

மேம் இந்தத் தகடுகளைக் கணினியின் மையச் செயலியைக் கொண்டே வரைகிறது. கிராபிக்ஸ் கார்டின் பங்கு, முடிந்த படத்தைத் திரைக்குக் கொண்டுசேர்ப்பதுதான். எஃப்11 விசையை அழுத்தினால் வேகம் சதவீதத்தில் தெரியும். 100-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் பணத்தைச் செயலிக்குச் செலவிடுங்கள்.

அசல் படத்தின் அளவு 496×384 புள்ளிகள். 1080 வரிசைத் திரையில் அதை முழு உயரத்துக்கு இழுத்தால் ஓரங்கள் ஒழுங்கில்லாமல் பிசிறடிக்கும். முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும்படி அமைப்பை மாற்றி, சரியாக இரண்டு மடங்கில் பாருங்கள். சுற்றிலும் கறுப்பு இடம் மிஞ்சும். தகடுகளின் விளிம்பு கூராகத் தெரியும்.