ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷமா? படிப்பு வேகம் பற்றி வாசகர் கேள்விகள்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பாடநூலில் ஒரு பக்கம் முடிக்கவே பத்து நிமிஷம் ஆகிறது. நிமிஷத்துக்கு ஆயிரம் சொல் படிக்கலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? (குடியாத்தம்)

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய கால் வினாடி நிற்கும் என்றால், நிமிஷத்துக்குச் சுமார் 240 இடம். ஆயிரம் சொல் படிக்க, நிற்கிற இடமெல்லாம் நாலு சொல்லுக்கு மேல் அள்ள வேண்டும். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதே நமக்கு ஒரு சொல்! கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதோ நடுவில் சில எழுத்துகள்தான். அந்த வேகத்தில் பக்கம் புரட்டலாம், படிக்க முடியாது.

உங்கள் பத்து நிமிஷத்தில் பெரும்பகுதி, படித்த வரிக்கே திரும்பிப் போவதில் கரைந்திருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, படித்து முடித்த வரிகளை மேலிருந்து மூடிக்கொண்டே இறக்குங்கள். பலர் அட்டையை வரிக்குக் கீழே வைப்பார்கள். அது அடுத்த வரியை மறைத்துக் கண்ணைத் தடுக்கும், திரும்பிப் போவதைத் தடுக்காது. முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். அட்டையைத் தூக்கியே ஆக வேண்டும் என்று தோன்றினால் காரணத்தைப் பாருங்கள். புரியாத சொல் என்றால் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுப் பத்தி முடிந்த பிறகு தேடுங்கள். மனசு எங்கோ போயிருந்தால் பத்தியின் தொடக்கத்துக்கே போங்கள். நடுவில் ஒட்டுப்போட வேண்டாம்.

அடுத்தது, கேள்வியோடு படிப்பது. வேலூர்ப் புரட்சிப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் முன்பே ஓரத்தில் எழுதுங்கள்: எப்போது, எதனால், யார் அடக்கியது, பிறகு என்ன? இப்போது கண் எதைத் தேடுவது என்று தெரிந்துகொண்டு ஓடும். 1806 ஜூலை 10. புதிய தலைப்பாகையும் தாடி, சமயக்குறிகள் மீதான தடையும். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி. திரும்ப அழைக்கப்பட்ட சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்க். புத்தகத்தை மூடி நாலையும் எழுதுங்கள். மூன்றுதான் வந்தால் விட்டுப்போன ஒன்றுக்கு மட்டும் திரும்பப் போங்கள், முழுப்பாடத்துக்கும் வேண்டாம். தேர்வில் 3 மணி நேரத்துக்கு 200 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 54 வினாடி. அங்கே கைகொடுப்பது இந்த மூடி எழுதிய பழக்கம்.

பத்தாவது படிக்கும் பையன் எல்லாவற்றையும் சத்தமாகவே படிக்கிறான். நிறுத்தச் சொல்லவா? (ஆரணி)

மனப்பாடச் செய்யுளுக்குச் சத்தம் நல்லது, விடுங்கள். சமூக அறிவியல், அறிவியலுக்கு வேண்டாம். வாய் போகும் வேகத்துக்குமேல் கண் போகாது. ஆனால் மனசுக்குள் கேட்கும் குரலையும் அடக்கச் சொல்லாதீர்கள். கடினமான வரியில் அர்த்தத்தைப் பிடித்துத் தருவது அதுதான்.

தினமும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறேன். புத்தகத்தைத் திறந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. (காட்பாடி)

ரயிலில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். ஆட்டத்தில் வரி தவறும், பக்கத்து சீட்டில் பேச்சு ஓடும். முந்தின இரவு படித்ததைச் சரிபார்க்கத்தான் அந்த நேரம் ஏற்றது. காட்பாடி முதல் வாலாஜா ரோடு வரை குறிப்பைப் பாருங்கள். வாலாஜா ரோடு முதல் அரக்கோணம் வரை மூடிவைத்து, நினைவுக்கு வருவதைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். அரக்கோணம் தாண்டியதும் சரிபாருங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், அந்தச் சாக்கில் போன் கைக்கு வராது. போனைச் சட்டைப்பையில் வைக்காமல் மேலே தட்டில் உள்ள பையின் அடியில் போடுங்கள். எழுந்து எடுக்க வேண்டும் என்ற சோம்பல் உங்கள் பக்கம் நிற்கும். இரவு திரும்பும்போது தூக்கம் வந்தால் தூங்குங்கள், அதுவும் படிப்புக்குத் தேவைதான்.

காலணி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை, வயது 44. நாள் முழுக்க மெயிலும் எல்.சி.யும் (சரக்குக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்). மதியத்துக்குள் தலைவலி, ஒரே வரியை மூன்று முறை படிக்கிறேன். (ஆம்பூர்)

முதலில் கண்ணைக் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு வரும் வெள்ளெழுத்தைப் பலர் 'கவனக் குறைவு' என்று நினைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் தெளிகிறதா? அப்படியென்றால் அதுதான். திரைக்கு வேண்டிய தூரமும் காகிதத்துக்கு வேண்டிய தூரமும் வேறு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது வினாடி ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள். திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைவதால்தான் கண் எரிகிறது.

மெயிலில் வேகம் சரி: பொருள் வரியையும் கடைசிப் பத்தியையும் முதலில் படித்தாலே பதில் போட வேண்டியதா, கோப்பில் போட வேண்டியதா என்று தெரிந்துவிடும். எல்.சி.யில் வேகம் வேண்டவே வேண்டாம். ஆர்டர் நகலைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திப் பாருங்கள்: கடைசி ஷிப்மென்ட் தேதி, காலாவதித் தேதி, கேட்டிருக்கும் ஆவணங்கள், எத்தனை நகல். ஆவணம் தரும் கெடு எழுதப்படவில்லையென்றால், எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி ஷிப்மென்ட் தேதியிலிருந்து 21 நாள், அதுவும் எல்.சி. காலாவதிக்குள். பெயர், முகவரியை மட்டும் ஒருவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல இன்னொருவர் சரிபார்க்கட்டும். தெரிந்த பெயரில் விட்டுப்போன எழுத்தை, தனியாகப் படிப்பவரின் கண் தானே போட்டுக்கொண்டு தாண்டிவிடும். இந்த வேலையைக் காலையிலேயே முடியுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளாதீர்கள்.