பொன்சு சாஸை வீட்டில் செய்ய முடியுமா? யூசு (எலுமிச்சை இனத்து ஜப்பானியப் பழம்) கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

தாராளமாகச் செய்யலாம். பொன்சு என்பது புளிப்புப் பழச்சாறும் சோயா சாஸும் கலந்த, தொட்டுக்கொள்ளும் ஜப்பானியச் சாஸ். அடுப்பு வேலை ஓரிரு நிமிடம்தான். மீதியெல்லாம் பழம் பிழிவதும் காத்திருப்பதும்.

நான் ஒசாகாவில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் மேசையில் காய்கறியும் இறைச்சியும் வேகும் சட்டி கொதிக்கும், பக்கத்தில் பொன்சு இருக்கும். பெரும்பாலான வீடுகளில் கடைப் புட்டிதான். 1964-இல் வந்த மிட்சுகான் நிறுவனத்தின் 'அஜிபொன்' இன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அது மோசமில்லை. ஆனால் பழ வாசனைக்காகவே பொன்சு வேண்டும் என்பவர்கள் வீட்டில் செய்வதுதான் சரி.

என் அளவு: பழச்சாறு 100 மி.லி., சோயா சாஸ் 100 மி.லி., மிரின் (இனிப்பான அரிசி மது) 2 மேசைக்கரண்டி, ஐந்து செ.மீ. கொம்பு (உலர்ந்த கடற்பாசி) ஒரு துண்டு, கட்சுவோபுஷி (உலர்ந்த சூரை மீன் சீவல்) ஒரு கைப்பிடி. மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. அதை மட்டும் தனியாகக் கொதிக்கவிட்டு ஆறவைக்கவும். சாறு சூடு படவே கூடாது, பட்டால் வாசனை போச்சு. கொம்பின் மேல் இருக்கும் வெள்ளைப் பொடியைக் கழுவிவிடாதீர்கள், ருசியே அதில்தான். எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் வடிகட்டினால் ஆயிற்று. உடனே சாப்பிட்டால் உப்பும் புளிப்பும் தனித்தனியாக நாக்கைக் குத்தும். ஒரு வாரம் பொறுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும்.

இனி பழம். யூசு ஒன்றுதான் வழி என்றில்லை. தொக்குஷிமாவில் சுதாச்சி, ஓய்தாவில் கபோசு, கோச்சியில் யூசு என்று அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் பழத்தைத்தான் பிழிகிறார்கள். புளிப்பு ஆரஞ்சு வகையான தைதையும் உண்டு. எனக்குப் பிடித்தது சுதாச்சி. யூசுவில் வாசனை அபாரம், ஆனால் பிழிந்தால் சாற்றைவிட விதைதான் அதிகம் விழும்.

இவை எதுவும் கிடைக்காத ஊரில் இரண்டு பங்கு எலுமிச்சைக்கு ஒரு பங்கு ஆரஞ்சு சேருங்கள். எலுமிச்சை மட்டும் போட்டால் புளிப்பு முகத்தில் அடிக்கும். ஆரஞ்சுத் தோலில் வெள்ளைப் பகுதி வராமல் ஒரு சீவல் சீவிப் போட்டால் யூசுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். எந்தப் பழமானாலும் ஒட்டப் பிழியாதீர்கள், கசக்கும்.

கட்சுவோபுஷியும் நம் மாசிக் கருவாடும் நெருங்கிய சொந்தம். இரண்டுமே சூரை மீனை அவித்துக் காயவைத்துச் செய்வதுதான். அதற்காக மாசியை இதில் போடச் சொல்ல மாட்டேன், அதன் வாடை பழத்தை அமுக்கிவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் மீனை விட்டுவிட்டு உலர்ந்த ஷீட்டாக்கே காளான் ஒன்று போடலாம். சோயா சாஸ் ஜப்பானிய வகையாக இருக்கட்டும், நூடுல்ஸுக்குப் போடும் கெட்டியான கறுப்புச் சாஸ் வேண்டாம்.

வடிகட்டிய பொன்சு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். வெந்நீரில் சூடாக்கிய டோஃபு, ஷாபு-ஷாபு (கொதிநீரில் முக்கியெடுக்கும் மெல்லிய இறைச்சி), கியோசா (பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி) எல்லாவற்றுக்கும் பொருந்தும். துருவிய முள்ளங்கி கொஞ்சம் கலந்தால் வறுத்த மீனுக்கும் நல்லது. சட்டியில் ஊற்றிவிடாதீர்கள், சின்னக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். சாப்பிடச் சாப்பிடச் சட்டித் தண்ணீர் சொட்டி நீர்த்துப்போகும், அப்போது புட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம்.