கேள்வி – பதில்: பின்னங்களை ஏன் நேராகக் கூட்டக் கூடாது?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 1/6 + 3/8 என்ற கணக்கில் தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டி 4/14 என்று எழுதிவிட்டாள். தவறு என்று சொல்ல முடிந்ததே தவிர, காரணம் சொல்லத் தெரியவில்லை. பகுதிகளைப் பெருக்கினாலே போதும் என்னும்போது மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு என்றும் கேட்கிறாள்.
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் விடையின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 4/14 என்பது 2/7. அது 3/8-ஐ விடச் சிறியது. ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு கிடைப்பது இருந்ததைவிடக் குறைந்துபோக வழியில்லை என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை உடனே ஒப்புக்கொள்ளும்.

ஆனாலும் உங்கள் மகள் செய்தது அர்த்தமற்றது அன்று. ஒரு தேர்வில் 6 கேள்விகளில் 1, மறு தேர்வில் 8 கேள்விகளில் 3 சரி என்றால், மொத்தத்தில் 14-க்கு 4 சரி என்றுதான் நாம் சொல்கிறோம். அங்கே இரண்டு முழுமைகள் ஒன்றாகச் சேர்கின்றன. பின்னக் கூட்டலிலோ முழுமை ஒன்றே, அதிலிருந்து எடுத்த துண்டுகளை மட்டுமே சேர்க்கிறோம். பகுதி என்பது துண்டின் அளவைச் சொல்வது, தொகுதி என்பது துண்டுகளின் எண்ணிக்கை. ஆகவே அளவை ஒன்றாக்காமல் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. கட்டம் போட்ட நோட்டில் நான்குக்கு ஆறாக 24 கட்டங்கள் கொண்ட செவ்வகம் வரைந்து, 1/6-க்கு 4 கட்டங்களையும் 3/8-க்கு 9 கட்டங்களையும் வண்ணமிடச் சொன்னால் 13/24 கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பெருக்கினாலும் விடை தவறாது: 48-ஐப் பகுதியாகக் கொண்டால் 8/48 + 18/48 = 26/48, சுருக்கினால் அதே 13/24. மீ.சி.ம. உழைப்பைக் குறைக்கும், அவ்வளவே. 5/12 + 7/18 என்பதில் 36 போதும் (15/36 + 14/36 = 29/36); பெருக்கிப் போனால் 216-ஐக் கட்டிக்கொண்டு 174/216-ஐச் சுருக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான பிழைகள் இந்தச் சுருக்கலில்தான் நேர்கின்றன என்பது என் எண்ணம்.

பழந்தமிழ்க் கணக்கில் இந்தப் பொதுப் பகுதி முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. முந்திரி என்பது 1/320. காணி (1/80) 4 முந்திரி, மா (1/20) 16 முந்திரி, மாகாணி (1/16) 20 முந்திரி. எனவே ஒரு மாவையும் ஒரு மாகாணியையும் கூட்டினால் 36 முந்திரி, அதாவது 9 காணி என்று பகுதியைப் பற்றிய கவலையே இல்லாமல் சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் மகளின் கணக்குக்கு அது உதவாது. 320-ஐ 6 மீதியின்றி வகுக்காது.