தடை தாண்டும் குதிரைக்கு உறுத்தாத கடிவாளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடிவாளம் மாட்டும்போது குதிரை தலையை உதறுகிறது, புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் இப்போதுள்ளதைச் சரிபாருங்கள். பாதிப் பிரச்சினை பெரும்பாலும் நெற்றிப்பட்டையில்தான். அது குட்டையாக இருந்தால், காதுக்குப் பின்னால் தலைமேல் செல்லும் உச்சிப்பட்டையை முன்னால் இழுத்து, காதின் அடியில் அழுத்தும். கடையில் 'ஃபுல்' (பெரிய அளவு), 'காப்' (நடுத்தர அளவு) என்று செட்டாகத்தான் தருவார்கள். ஆனால் நெற்றி அகன்று முகம் குறுகிய குதிரைகள் ஏராளம். நெற்றிப்பட்டையைத் தனியாக ஓர் அளவு பெரிதாக வாங்குவதில் தவறே இல்லை.

உச்சிப்பட்டை அகலமாக, காதுக்குப் பின்னால் வளைத்து வெட்டியதாக இருந்தால் நல்லது. மென்பஞ்சு வைத்தது என்பதற்காக மயங்க வேண்டாம், காதில் இடித்தால் பஞ்சும் உறுத்தும்.

அப்புறம் மூக்குப்பட்டை. சாதாரண வகை கன்ன எலும்பின் முனைக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். இறுக்கத்தை மூக்கெலும்பின் மேல் பாருங்கள், பக்கவாட்டில் அல்ல. பக்கத்தில் எப்போதும் விரல் நுழைந்துவிடும், அது ஏமாற்று. மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் 2025 முதல் எஃப்இஐ (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) இதற்கென்றே ஓர் அளவுகோலை வைத்துச் சோதிக்கிறது.

தொண்டைப்பட்டையில் நான்கு விரல் இடைவெளி போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் உதறினால், கடிவாளத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தைக் குத்தினால் எந்தப் பட்டையும் வலிக்கும்.